‘பட்’டுக்கு முன்னால் ஒரு கமா

வாத்தியார் வேலைக்குக் கண் வேண்டும், காது வேண்டும், கொஞ்சம் புத்தியும் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் சிவப்பு மைப் பேனா மட்டும்தான் இருந்தது.

போடியில் ஒரு பள்ளி. ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம். சேர்ந்த மூன்றாவது வாரமே, பெற்றோரைப் பின்வரிசையில் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார் தலைமையாசிரியை. (அதற்கு முந்தின நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். கண்ணாடிக்குப் பாடம் நன்றாகவே புரிந்தது.)

இரண்டு முழு வாக்கியங்களை ‘பட்’, ‘ஸோ’ போட்டுச் சேர்த்தால், அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கமா. அவ்வளவுதான் பாடம்.

“யாராவது வந்து ‘பட்’ வச்சு ஒண்ணு எழுதுங்க.”

குரங்கணியிலிருந்து வரும் வனிதா எழுந்து வந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. நிதானமாக எழுதினாள்.

‘மை ஃபாதர் வென்ட் டு போடிமெட்டு, பட் ஹி டிட் நாட் கம் பேக்.’

எனக்குக் கமா மட்டும்தான் தெரிந்தது. சரியான இடம், அழகான வால்.

“வெரி குட். எல்லாரும் கை தட்டுங்க.”

பிள்ளைகள் தயங்கித் தயங்கித் தட்டினார்கள். “சத்தமாத் தட்டுங்கப்பா” என்று அதட்டினேன். பின்வரிசையிலும் தட்டினார்கள். எனக்கு ஆசை அடங்கவில்லை.

“அப்படியே ‘ஸோ’ வச்சும் ஒண்ணு எழுதும்மா.”

‘தி ஜீப் ஃபெல் டவுன், ஸோ ஹி டைட்.’

அதிலும் கமா சரியாகத்தான் இருந்தது. தட்டத் தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். வனிதாவின் அம்மா. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

வகுப்பு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“எம் மக என்ன சார் எழுதுனா? எல்லாரும் தட்டுனீகளே.”

ஆடு, மாடு என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கத்தான் நினைத்தேன். பக்கத்தில் வனிதா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதியிருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன்.

“எனக்குத் தெரியாதுக்கா. மன்னிச்சிருங்க.”

அவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மாசமாச்சு சார். அப்பனப் பத்தி ஒத்த வார்த்த பேசல. அழுகக்கூட இல்ல.” மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “அத இன்னைக்கு அழிக்காதீக.”

அழிக்கவில்லை.

இதையெல்லாம் பிற்பாடு மனைவியிடம் சொன்னது என் தவறு. வீட்டில் யார் எந்தக் கெட்ட செய்தி சொல்ல வந்தாலும், முதலில் என் கைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன வருடம் என் மாமனார் இறந்த செய்தி போனில் வந்தது. என் மனைவி போனை வைத்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பிச் சொன்னாள்.

“அப்பா போயிட்டாரு. கை தட்டிராதீங்க.”