திறந்தால் மூடும் ஸ்மார்ட் போர்ட்

உடப்பு,
சனிக்கிழமை காலை.

கனடாவில் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அன்பு மச்சான் அருள்குமரனுக்கு,

அம்மன் அருளால் நானும் உமது அக்கா பவளமும் நலம். நீரும் நலமாயிருப்பீர், இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரைக்குமாவது.

மச்சான், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீர் அன்பளிப்பாக அனுப்பிய ஸ்மார்ட் போர்ட் இன்று மத்தியானம் லொறி ஏறி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. ஊரார் வாயால் நீர் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். குற்றம் என்னுடையதல்ல. பெட்டி வந்த அன்று வரவேற்பில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கோயில் சந்தனத்தைக் குழைத்து, வலது பக்கத்து மேல்மூலையில் என் கையாலேயே பெரிய பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டு, தேங்காய் உடைத்துத்தான் சுவிட்சைப் போட்டேன். அடுத்த நிமிஷமே தொடங்கிவிட்டதையா கூத்து! பாடத்தைத் திறந்தால் தானே மூடிக்கொள்கிறது. திரும்பத் திறந்தால் திரும்ப மூடுகிறது. விரலால் முக்கோணம் கீறினால் கோடெல்லாம் மேல்மூலைக்கு ஓடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோ ஒவ்வொரு தடவை மூடும்போதும் விக்கெட் விழுந்தமாதிரிக் கைதட்டுகிறார்கள். கணக்குப் பாடத்துக்கு இப்படியொரு உற்சாகத்தை நான் கண்டதேயில்லை, அது வேறு விஷயம்.

"கண்ணூறுதான், வேறென்ன? பொட்டைக் கொஞ்சம் பெரிசா வையுங்கோ" என்றாள் உமது அக்கா. வைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் புதுப்பித்தேன். நிலைமை இன்னும் மோசமானது. பாலாவியிலிருந்து கொம்பியூட்டர் திருத்துகிற மின்ஹாஜைக் கூப்பிட்டோம். தங்கமான மனிசன். பின்பக்கம் முழுக்கக் கழற்றிப் பூட்டினார், பொட்டுப் பக்கம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தலையைச் சொறிந்தார், தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார். நேற்றுக் கல்விப் பணிப்பாளர் வந்து பின்வரிசை வாங்கில் அமர்ந்தார். நான் திறக்க, அது மூட, நான் திறக்க, அது மூட, அவர் எழும்பி, "சேர், பாவிக்கத் தெரிஞ்ச இடத்துக்கு இதைக் குடுப்பம்" என்றாரே! இத்தனை வருஷம் வெண்கட்டி பிடித்த கையால் மச்சான், நானே சுவிட்சை நிறுத்தினேன். பிள்ளைகளும் கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே இனி எங்களுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். கரும்பலகை போதும். அது தானாக மூடிக்கொள்ளாது.

உமக்கும் பிள்ளைகளுக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்கமாட்டாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போம்.

வெட்கத்துடன்,
அத்தான் கனகசுந்தரம்

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை நம்ப வேண்டாம்! பொட்டோடு சாமானை அனுப்புவது சரியில்லையென்று ஈரத்துணியால் துடைத்தேன். கடைசியாக ஒருதரம் பார்ப்போமே என்று சுவிட்சைப் போட்டால், பாடம் திறந்தது. திறந்தே நின்றது! மூடுகிற அடையாளம் அந்த மேல்மூலையில்தானாம். என் பொட்டுத்தான், ஐயோ, விரல் வைத்தமாதிரி இவ்வளவு நாளும் அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது! மின்ஹாஜுக்குப் போன் எடுத்தேன். "எனக்கு அண்டைக்கே வெளங்கின சேர். ஒங்கட சாமிப் பொட்ட அழிங்க எண்டு நான் எப்படிச் செல்ற?" என்கிறார். லொறி வாசலில் நின்று ஹோன் அடிக்கிறது. நான் வகுப்பறையை உள்ளால் பூட்டிக்கொண்டு வட்டம் கீறிக்கொண்டிருக்கிறேன். பலகையை வழியனுப்ப வந்த பத்தாம் வகுப்பு யன்னலில் தொங்கிக்கொண்டு கைதட்டுகிறது.