ஒட்டிக்கொண்ட துப்பாக்கி பற்றி அண்ணனுக்கு

பெருமதிப்பிற்குரிய அண்ணன் தோர்வால்ட் அவர்களுக்கு,

தம்பி ஐனர் எழுதிக்கொண்டது. நானும் என் மனைவி லாவோனும் உயிரோடு இருக்கிறோம். மோன்டானாவில் முதல் பனி உங்கள் பக்கமும் விழுந்திருக்கும். தங்கள் நுரையீரலைப் பற்றி விசாரித்தால் தாங்கள் போனை வைத்துவிடுவீர்கள். கடிதத்தை வைக்க முடியாது என்றாலும் விசாரிக்கவில்லை.

வரும் சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. வாசல்படி ஏறுவதே ஆபத்து என்று டாக்டர் சொல்லியும், மலையின் மேல்முகட்டுக்குத் தனியாகப் போயே தீருவேன் என்று தாங்கள் ஒற்றைக்காலில் நின்று, குண்டு கண்டபடி சிதறுகிறது, கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது, எபாக்சி பசை ஊற்றிச் சரிசெய் என்று அனுப்பிய துப்பாக்கி விஷயமாகத்தான் எழுதுகிறேன். மற்ற துப்பாக்கிகளையெல்லாம் மருமகன்களுக்குக் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் தாங்கள் வைத்திருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்ல நாக்கு எழவில்லை.

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, கட்டையின் உட்புறத்தைச் சுரண்டி, பசையைக் கலந்து ஊற்றி, இரும்பை உள்ளே உட்கார்த்தித் திருகாணியையும் முடுக்கினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒன்றே ஒன்றைத் தவிர. பசை பிடிக்காமலிருக்க இரும்பெல்லாம் முதலில் ஷூ பாலிஷ் தடவ வேண்டும், ஓட்டைகளில் களிமண் அடைக்க வேண்டும். நான் இரண்டையும் மறந்துவிட்டேன் அண்ணா. மறுநாள் பார்த்தால் கட்டையும் இரும்பும் ஒரே உடம்பு. விசைக்குள்ளும் பசை போய் இறுகிவிட்டது. விரலால் இழுத்தால் மலையை இழுப்பது மாதிரி இருக்கிறது. ரப்பர் சுத்தியலால் தட்டினேன், முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினேன், குளிரில் விட்டுப்போகும் என்று யாரோ சொன்னார்களே என்று ஃப்ரீசரில் இருந்த மான்கறியை வெளியே எடுத்துவிட்டு இதை உள்ளே படுக்கவைத்தேன், கறி உருகித் தரையெல்லாம் ரத்தம், லாவோன் சர்ச்சிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரைக் கொன்னீங்க?"

"யாரையும் இல்ல. துப்பாக்கி உள்ள இருக்கு."

அவள் திறந்து பார்த்தாள். "கறிப் பை மேல தேதி எழுதி வெக்கிற மாதிரி இது மேலயும் எழுதட்டுமா? எத்தனை மாசம் தாங்கும்?"

பக்கத்து வீட்டு வெண்டெல் வந்து பனி படிந்த துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்று முறை கல்யாணம் செய்து மூன்றும் முறிந்தவன். "மூணு தடவையும் என்னைப் பாதிரியாருதான் கட்டி வெச்சாரு. பேசாம உன்கிட்ட வந்திருக்கலாம்," என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டையை அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். அறுத்தாலும் இந்த வருஷ வேட்டைக்கு ஆகாதாம்.

இவ்வளவுதான் நடந்தது. வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, மறதி வந்துவிட்டது. சின்ன வயதில் உன் சைக்கிளைக் குளத்தில் விட்டபோது அடித்தாயே, அதே மாதிரி நேரில் வந்து அடி. வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணியைப் புதைத்த இடத்துக்குப் போனால் எங்கள் இருவர் பேரையும் சொல்லுங்கள். கடவுள் தங்களுக்கு மூச்சையும் பொறுமையையும் சேர்த்தே தரட்டும்.

பணிவுடன்,
தம்பி ஐனர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனவன் மறுபடி பேனாவை எடுத்தேன். நான் எதையும் மறக்கவில்லை. பாலிஷ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு மூடிவிட்டேன். அன்று காலை உன் பக்கத்து வீட்டுக்காரி லாவோனுக்கு போன் செய்து, நீ உன் நாயை அவளுக்கே கொடுத்துவிட்டாய் என்றாள், சோற்றுத் தட்டோடு, தடுப்பூசி போட்ட காகிதங்களோடு. மூன்று நாள் வேட்டைக்குப் போகிறவன் நாயை ஒரேயடியாகக் கொடுப்பானா? எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வண்டியோடு வருகிறேன். மலைக்கு இரண்டு பேரும் போவோம், நான் சுடுகிறேன், நீ வண்டியில் உட்கார்ந்து என்னைத் திட்டு. அதற்குள் போய் நாயைத் திரும்ப வாங்கி வை.