ஒரே ஆளிடம் ஒட்டும் பூனை

பெயரில் பாதி சிங்கம் இருந்தாலும், மைசூர் குவெம்புநகர் வீட்டில் நரசிம்மமூர்த்தி கர்ஜித்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதி ஷேவிங்கில், ஒரு கன்னத்து நுரையோடு கண்ணாடியைப் பார்த்துச் சபதம் செய்தார்:

"இந்த வருஷம் அந்த பஸ்ஸில் ஏற மாட்டேன்!"

மெதுவாகத்தான் செய்தார். மனைவி பங்கஜவல்லி பக்கத்து அறையில் இருந்தாள்.

பெருமாள் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மைத்துனர் திருநாராயணன் மேல்தான். வருஷா வருஷம் உறவுக்காரர்கள் நாற்பது பேரைத் திரட்டிப் பன்னிரண்டு நாள் பஸ் யாத்திரை கூட்டிப்போவது அவருடைய கைங்கரியம். பஸ்ஸில் மைக் உண்டு. அந்த மைக்கை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. நஞ்சன்கூடு தாண்டுவதற்குள் பாட ஆரம்பித்தால் நவதிருப்பதி வரை ஓயாது. வீட்டு மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக நரசிம்மமூர்த்திக்கு முன்சீட். ஸ்பீக்கருக்கு நேர் கீழே. போன வருஷம் திரும்பி வந்த பிறகு ஒரு வாரத்துக்குக் குக்கர் விசில்கூட அவருக்கு மைத்துனர் குரலில்தான் கேட்டது.

அதே பன்னிரண்டு நாள், லீவும் போட்டுவிட்டு, வீட்டில் தனியாக இருந்தால்? சோபாவில் காலை நீட்டலாம். மசால்தோசை வரவழைக்கலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். முக்கியமாக, யாரும் பாட மாட்டார்கள். நினைக்கும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

முன்பு ஒரு வருஷம் முழங்கால் வலி என்றார். பங்கஜவல்லி உறை வாங்கி மாட்டி பஸ்ஸில் ஏற்றினாள். இன்னொரு வருஷம் ஆபீஸில் தலைபோகிற வேலை என்றார். அவள் மேனேஜருக்கே போன் போட்டு விசாரித்தாள். எனவே இந்த வருஷம் சாக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடையோடு வந்து சேர்ந்தார்.

"என்னன்னா இது, கூடைக்குள்ள?"

"பூனை."

"பூனைக்கு எதுக்குப் புலித்தோல் போர்த்திருக்கேள்?"

"போர்த்தலை. தோலே அதான். பெங்கால் பூனை. காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் கலந்த உசத்தி ஜாதி. இதோட கொள்ளுத்தாத்தா காட்டுல இருந்தவர்."

"எங்க கொள்ளுத்தாத்தாகூட மேல்கோட்டைல இருந்தவர். அதுக்காக என்னைக் கூடைல வச்சா தூக்கிண்டு வந்தேள்? பெங்கால்னா ரசகுல்லா சாப்பிடுமோ?"

"அது... பாக்கெட்ல வரும்."

"என்ன வரும்?"

"அசைவம்," என்றார், வேறு யாரோ சொன்ன மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். விழவில்லை. "சரி, பின்பக்கம் பாத்திரம் தேய்க்கற யுடிலிட்டில வச்சுக்கோங்கோ. லிங்கம்மா போடுவா," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு வந்த லிங்கம்மா கூடையைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அம்மா, இது பெக்கா, சிரதெயா?"

"சிறுத்தை இல்லை லிங்கம்மா, பெக்குதான்," என்று சிரித்தாள் பங்கஜவல்லி. அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் இருவருக்கும் அது வெறும் பெக்கு, அதாவது கன்னடப் பூனை. நரசிம்மமூர்த்தி மட்டும் இரண்டு நாள் யோசித்து, புலி என்று பொருள்பட அதற்குச் சார்தூலன் என்று பெயர் வைத்தார்.

நான்காம் நாள், காபி குடிக்கும் நேரமாகப் பார்த்து விஷயத்தை எடுத்தார். இணையத்தில் படித்தது பாதி, சொந்தச் சரக்கு பாதி.

"பங்கஜம், இந்த ஜாதிப் பூனை ஒரே ஒரு ஆள்கிட்டதான் ஒட்டுமாம். அந்த ஆள் ஒருநாள் கண்ணுல படலேன்னா பட்டினி கிடந்துடுமாம்."

"அய்யோ பாவமே! யார் அந்த ஆள்?"

"அதான் சங்கடம்." முகத்தில் முடிந்தவரை சோகத்தை வரவழைத்தார். "நான்தான் போலிருக்கு."

"அப்போ யாத்திரை?"

"நீ போயிட்டு வா. வாயில்லா ஜீவன். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

"நிச்சயமா? ஒட்டின ஆள் ஆத்துலயே இருந்தாகணுமா?"

"இருந்தே ஆகணும்!"

"ஆயித்து, அப்படியே ஆகட்டும். இதை நீங்களே அண்ணாகிட்ட சொல்லிடுங்கோ. நான் சொன்னா நம்ப மாட்டான்."

இவ்வளவு சுலபமா! அவர் துள்ளி எழுந்து போன் போட்டார். "மன்னிக்கணும் திருநாராயணா. பூனை யார்கிட்ட ஒட்டறதோ அவா ஆத்துலயே இருக்கணும். இதுல விட்டுக்கொடுக்கவே முடியாது," என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். அந்த வீட்டில் அவர் மேஜையைத் தட்டியது அதுதான் முதல் தடவை. பங்கஜவல்லி டபராவைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பூனைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அது குழாயைத் திறந்துவிட்டு வாளிக்குள் உட்கார்ந்தது. திரைச்சீலையில் ஏறியது. அவருடைய ஆபீஸ் ஷூவில் படுத்தது. "சார்தூலா!" என்று அவர் கூப்பிட்டால் சுவரைப் பார்த்தது. தூக்கப் போனால் கையில் நாலு கோடு போட்டது.

சாயங்காலமானால் பங்கஜவல்லி ஒரு மூடியில் கொஞ்சம் தயிரை எடுத்துக்கொண்டு, கன்னடத்தில், "பேகா?" என்பாள். வேணுமா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் மேலிருந்து நேராக அவள் தோளுக்கு ஒரு தாவல்.

"தயிருக்காக வரது. இது பாசத்துல சேர்த்தியில்லை," என்பார் நரசிம்மமூர்த்தி.

"ஆமாம், தயிருக்காகத்தான்," என்பாள் அவள்.

யாத்திரை நாள் வந்தது. காலை ஏழு மணி. பஸ் சரஸ்வதிபுரத்தில் நிற்பதாகத் தகவல். நரசிம்மமூர்த்தி பனியனோடு, மனைவியை வழியனுப்பும் முகத்தோடு ஹாலுக்கு வந்தார். ஒரே ஒரு பெட்டி தயாராக இருந்தது.

"உன் பெட்டி கனமே இல்லையே, பங்கஜம்!"

"அது உங்களுது."

திறந்து பார்த்தார். நாலு வேஷ்டி, துண்டு, முழங்கால் உறை.

"என்ன விளையாட்டு இது? பூனையை யார் பார்த்துப்பா?"

"கூப்பிடுங்கோ. வரதான்னு பார்ப்போம்."

"சார்தூலா!"

ஃப்ரிட்ஜ் மேலிருந்த பூனை கொட்டாவி விட்டது.

"சார்தூலா, என் கண்ணே!"

முதுகைக் காட்டிப் படுத்தது.

பங்கஜவல்லி சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. கையில் தயிரும் இல்லை. "பேகா?" என்றாள். பூனை ஒரே தாவலில் அவள் மடியில் விழுந்து, புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குர்ரென்று சத்தம் போட்டது.

"ஒட்டின ஆள் ஆத்துலயே இருக்கணும்னு நீங்கதானே அண்ணாகிட்ட சொன்னேள்? விட்டுக்கொடுக்கவே முடியாதுன்னேளே!"

"உனக்குப் போகணும்னு எவ்வளவு ஆசை..." என்று இழுத்தார்.

"எனக்கா? நீங்க கல்யாணத்துக்கப்புறம்தான் அவன் பாட்டைக் கேக்கறேள். நான் பொறந்ததுலேர்ந்து கேட்டிண்டிருக்கேன். தப்பிக்க ஒரு வழியும் தெரியாம முழிச்சிண்டிருந்தேன். நீங்களா கூடையும் கையுமா வந்து நின்னேள்!"

அவருக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இதே சாக்கு, இதே பூனை, ஆனால் சோபா மட்டும் அவளுக்கு. பன்னிரண்டு நாள் மசால்தோசையும் அவளுக்குத்தான்.

சட்டையை மாட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். அவள் புளியோதரை டப்பாவைக் கையில் கொடுத்தாள். "காதுக்குப் பஞ்சு பக்கத்து ஜிப்புல இருக்கு," என்று பரிவாகவே சொன்னாள். அந்தப் பரிவில் அவர் மனசு கொஞ்சம் இளகவும் செய்தது.

ஆட்டோ ஏறப்போகும்போது வாசல் பக்கமிருந்து அவள் போனில் பேசுவது கேட்டது.

"அண்ணா, பெக்கு எங்கிட்ட பத்திரமா இருக்கு. பேக்கு அங்கே வந்துண்டிருக்கு!"