பொடியனின் எடை

மனித குலத்துக்கு இதுவரை கிடைத்த விதிகளிலேயே கருணை மிகுந்தது, எங்கள் வார இதழ் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஒரு புதன்கிழமை மதியம் இயற்றப்பட்டது. புவியீர்ப்பு விதி எல்லோரையும் ஒரே மாதிரி கீழே இழுக்கும். எங்கள் விதி அப்படிக் கண்மூடித்தனமானது அல்ல. ஆள் யார், சந்தர்ப்பம் என்ன என்று பார்த்துத்தான் இழுக்கும். அதை எழுதிய கை என்னுடையது என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் இதழைப் பொடியனுக்காகத்தான் வாங்குகிறார்கள். பொடியன் ஒரு படக்கதை வீரன். பெல்ட்டில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் எறும்பு அளவுக்குச் சுருங்குவான். சட்டையும் கூடவே சுருங்கும். எங்களுடையது குடும்பப் பத்திரிகை. சாவித் துவாரம் வழியாக நுழைந்து கெட்டவனின் தாடையில் ஒரு குத்து விடுவான். கெட்டவன் சுவரை உடைத்துக்கொண்டு அடுத்த அறையில் போய் விழுவான்.

பொடியனைப் படைத்தவர் எங்கள் கதாசிரியை. அலுவலகத்துக்கே அக்கா. முதல் பக்கத்தின் உச்சியில், பொடியனின் பெயருக்குக் கீழே, அதே பருமனில் அவர் பெயர் இருக்கும். அக்கா தனி அறை கேட்டதில்லை. கார் கேட்டதில்லை. "அந்தப் பேர் அங்க இருக்கட்டும், அது போதும்" என்பார்.

படம் வரைபவர் மிகவும் ஒல்லி. அவரைக் கோடு என்போம். நான் அறிவியல் ஆலோசகர். முன்பு கல்லூரியில் இயற்பியல் நடத்தியதால் வாத்தியார்.

சிக்கல் வாசகர்களால் வந்தது. ஒரு வாரம் பொடியன் எறும்பின் முதுகில் ஏறி வங்கிக்குள் போனான். மறுவாரம், அதே அளவில், ஒரு லாரியை எட்டி உதைத்துக் கவிழ்த்தான். தொலைபேசி ஓயவில்லை. ஒரு பல் மருத்துவர் நேரிலேயே வந்து, லாரியைக் கவிழ்த்தவன் ஏறியும் அந்த எறும்பு எப்படி நடந்தது என்று தெரியாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி கூட்டம் போட்டார். இதழின் ஆசிரியரும் அவரே.

"வாத்தியார், சுருங்கினா எடை குறையுமா, குறையாதா? சுருக்கமா சொல்லுங்க."

"குறையாதுன்னு வச்சா, எழுபது கிலோவும் ஒரு ஊசிமுனையில நிக்கும் சார். எறும்பு நசுங்கிடும். மேசையில நின்னா மேசை ஓட்டையாகும். தரையில நின்னா தரை ஓட்டையாகும்."

"அப்புறம்?"

"போய்க்கிட்டே இருப்பான்."

"சரி, குறையும்னு வச்சா?"

"எறும்பு பிழைச்சுக்கும். ஆனா இவன் குத்து விட்டா கெட்டவன் அந்த இடத்தைச் சொறிஞ்சுக்குவான். அவ்வளவுதான்."

முதலாளி கண்ணை மூடினார். "ரெண்டுல எது விக்குது?"

"ரெண்டுமே விக்குது சார்," என்றார் கோடு. "அதான் பல் டாக்டர் கீழ உக்காந்திருக்காரு."

அக்கா சொன்னார்: "ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்குவோம் சார். எடை குறையும்னே வச்சுக்கலாம். காதுக்குள்ள போய் ரகசியம் கேக்கட்டும். பூட்டுக்குள்ள போய்ப் பல்லைத் தள்ளட்டும். மூளையை வச்சு ஜெயிக்கட்டும்."

"மூளையா?" என்றார் முதலாளி, எங்கோ ஏதோ கருகும் வாடை வந்தது போல. "அவன் வீரன்மா."

அதனால் விதி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பெயர் "தேவைக்கேற்ற எடைக் கொள்கை". முழு வாசகம்: "சுருங்கியவரின் எடை, அடிக்கும்போது முழுமையாக இருக்கும், ஏறி அமரும்போது இருக்காது. எப்போது எது என்பதை நிர்வாகம் முடிவு செய்யும்." கடைசி வாக்கியத்தில் எனக்குப் பெருமை உண்டு. மரத்தடியில் உட்கார்ந்து புவியீர்ப்பை யோசித்தவருக்கு இப்படி ஒரு வரி தோன்றவில்லை. அவருக்கு நிர்வாகம் இல்லை, பாவம்.

பல் மருத்துவருக்கு ஒரு பிரதி கொடுத்தோம். படித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். பிறகு போய்விட்டார்.

முதலாளிக்கு விதி மிகவும் பிடித்துப்போயிற்று. சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டினார். தினமும் அதைப் பார்த்தார். நல்ல விதி படக்கதையோடு நின்றுவிடாது.

முதலில் பொத்தான் எங்கள் பிரிவின் மேல் அழுத்தப்பட்டது. வண்ணம் தீட்டுபவர் போனார். பேச்சுக் குமிழிகளில் எழுத்து எழுதுபவர் போனார். பிழை திருத்துபவர் போனார். இதழின் எல்லாப் பக்கங்களையும் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் பெரியவரும் போனார். மிஞ்சியது நாங்கள் மூவர். போனவர்கள் வேலையைக் கொண்டுபோகவில்லை. வண்ணம் கோட்டிடம் வந்தது. எழுத்து என்னிடம் வந்தது. பிழையும் அச்சு ஒப்புதலும் அக்காவிடம் வந்தன.

"ஆள் குறைஞ்சா பக்கமும் குறையணுமே சார்," என்றார் அக்கா.

முதலாளி தலைக்கு மேலே கையைக் காட்டினார். "அளவுதாம்மா குறைஞ்சிருக்கு. எடை குறையலையே."

ஒரு வாரம் மை பரவிப் பொடியனின் முகம் நீலமாக வந்தது. "உங்க பிரிவுதான் முழுப் பொறுப்பு," என்றார் முதலாளி. முழு எடை. அடுத்த மாதம் பொடியனுக்கு விருது கிடைத்தது. மேடையில் முதலாளி மட்டும் அமர்ந்தார். "மூணு பேர் இருக்கிற சின்னப் பிரிவு. அவங்க எதுக்கு?" என்றார். ஏறி அமரும்போது எடை இல்லை. விதி இரண்டு பக்கமும் ஒரு பிசகு இல்லாமல் வேலை செய்வதைக் கண்டேன். ஓர் அறிவியலாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

பிறகு பெயர். சின்னப் பிரிவுக்குப் பெரிய எழுத்து எதற்கு என்று நிர்வாகத்துக்குத் தோன்றியது. அக்காவின் பெயர் வாராவாரம் கொஞ்சம் இளைத்தது.

அக்கா நேராக முதலாளி அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"சார், எதுல வேணா கை வைங்க. பேர்ல வைக்காதீங்க."

"யாரும்மா கை வச்சது? பேர் அங்கேயேதான் இருக்கு. கொஞ்சம் சுருங்கியிருக்கு. பொடியன் சுருங்கினா பொடியன் இல்லைன்னு ஆயிடுமா?"

"நான் எப்ப சார் திரும்பப் பெரிசாவேன்?"

"அதை நிர்வாகம் முடிவு செய்யும்."

என் வாக்கியம். சரளமாகச் சொன்னார்.

அதே வாரங்களில் தலையங்கப் பக்கத்தில் முதலாளியின் புகைப்படம் வளர்ந்தது. முதலில் தபால்தலை அளவு. பிறகு உள்ளங்கை. பிறகு பக்கமே அவர்தான். தலையங்கம் தோள்பட்டைக்குக் கீழே ஒதுங்கிக்கொண்டது. அக்காவின் பெயர் ஒரு புள்ளியாயிற்று.

"நேத்து வீட்டுக்காரர் இதழை எடுத்தாரு," என்றார் அக்கா. "எறும்புன்னு நெனச்சுத் தட்டிவிட்டாரு. போகலை. மறுபடியும் தட்டினாரு. விடுங்க, அது நான்தான்னேன்."

நான் சிரித்தேன். கோடு சிரிக்கவில்லை. தூரிகையைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார்.

அக்கா என் மேசைக்கு வந்தார். "வாத்தியாரே, எடை குறையாம சுருங்கினா எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டுப் போவான்னு அன்னைக்குச் சொன்னீங்களே. அது நிஜமா, இல்ல கூட்டத்துக்காகச் சொன்னதா?"

"நிஜம்தான் அக்கா."

"காகிதத்தையும் துளைப்பானா?"

"மேசையையே துளைக்கிறவனுக்குக் காகிதம் எம்மாத்திரம்?"

"சரி. இந்த வாரம் அறிவியல்படி எழுதிடுறேன்."

ஆலோசகராக நான் சேர்ந்ததிலிருந்து என் ஆலோசனை ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை. அக்காவே எழுதினார், அக்காவே திருத்தினார், அக்காவே ஒப்புதல் தந்து அச்சுக்கு அனுப்பினார். அச்சகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவரும் அக்காதான். பிறகு ராஜினாமாவை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். கோடு தன் தூரிகைகளை எடுத்துக்கொண்டார்.

இதழ் வந்தது. முதல் கட்டத்தில் பொடியன் ஒரு மேசைமேல் நின்று பொத்தானை அழுத்துகிறான். இரண்டாவது கட்டத்தில் மேசையில் ஓர் ஓட்டை. மூன்றாவதில் தரையில் ஓர் ஓட்டை. கெட்டவன் குனிந்து எட்டிப்பார்க்கிறான். அதற்கு மேல் கதை இல்லை. பக்கத்தைப் புரட்டினால் மெத்தை விளம்பரம். மெத்தையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த பக்கம் சமையல் குறிப்பு. தட்டின் நடுவில் புள்ளி. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் கூடுதலாகக் கறுத்திருந்தது. சிலர் அதற்கும் விடை அனுப்பினார்கள். தலையங்கப் பக்கத்தில் அது முதலாளியின் நெற்றியில் நுழைந்தது. பின்னட்டையில் சோப்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. எல்லாப் பக்கத்திலும் ஒரே இடம்.

முதலாளி கூட்டம் போட்டார். பிரிவில் நான் மட்டும் இருந்ததால் கூட்டம் சீக்கிரம் கூடியது.

"போன் நிக்கலை. பொடியன் எங்கன்னு கேக்குறாங்க. மேல கொண்டு வாங்க."

"யார் சார் கொண்டு வர்றது?"

"நீங்கதான். விதியே நீங்க எழுதினதுதானே?"

"விதியை நான் எழுதினேன் சார். பொடியனை அவங்கதான் எழுதினாங்க."

"அப்ப அந்த அம்மாவைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டேன். எப்ப வர்றதுன்னு அவங்க நிர்வாகம் முடிவு செய்யுமாம். வீட்டுக்காரர்தான் எடுத்துப் பேசினாரு."

முதலாளி இதழை எடுத்துப் படத்திலிருந்த தன் நெற்றியைக் கட்டைவிரலால் தேய்த்தார். புள்ளி போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். மூக்கு கலைந்தது. புள்ளி போகவில்லை.

"என்னய்யா இது, மைத் தெறிப்பா?"

நான் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். குனிந்தார். அவர் ஒப்புதல் தந்திருந்த அதே அளவில், அக்காவின் பெயர். மெத்தையைப் புரட்டினார், பெயர். தட்டு, பெயர். சோப்பு, பெயர். உதடு அசையப் படித்தார். அந்தப் பெயரை அவர் படித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத்தனூண்டு எழுத்து. பத்திரிகை முழுக்க எப்படிய்யா ஓட்டை போட்டுச்சு? நீங்கதானே அறிவியல், சொல்லுங்க."

அவர் தலைக்கு மேலே விதி பளபளத்தது.

"நாம சுருக்கினது அளவைத்தான் சார்," என்றேன். "எடை மொத்தமும் அவங்கதான் தூக்கிக்கிட்டு இருந்தாங்க."