ஆதிகேசவன் வண்டிச் சக்கரம்

ஸ்ரீரங்கன் எதிர்வீட்டுக் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, டயரின் வரிப்பள்ளத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு வாசல் கதவு திறந்தது.

"அத்திம்பேர்! அங்கே என்ன பண்ணிண்டிருக்கேள்?"

கையில் கோலமாவுக் கிண்ணத்துடன் சூடாமணி நின்றாள். ஸ்ரீரங்கனின் மனைவி ஜெயலக்ஷ்மிக்குக் கூடப் பிறந்த தங்கை அவள்.

"ஒண்ணுமில்லை. மோதிரம் விழுந்துடுத்து. தேடறேன்."

"மோதிரம் விரல்லயே இருக்கே!"

"இருக்கா? அப்போ கிடைச்சுடுத்து" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கன் தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போனான். தீக்குச்சி பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. அவனுடைய டயரில் குச்சி போக இடமே கிடையாது.

அக்காவைக் கட்டியவன் ஸ்ரீரங்கன். தங்கையைக் கட்டியவன் வக்கீல் ஆதிகேசவன். மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய தெருவில் எதிரெதிர் வீடு. போன வருஷம் ஒரே வாரத்தில் இருவரும் ஆளுக்கொரு பேபி ஆஸ்டின் கார் வாங்கினார்கள். யார் முதலில் வாங்கியது என்பதில் இரு வீட்டுக்கும் இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு.

ஸ்ரீரங்கன் எதையும் வரிசையாக யோசிப்பவன். வண்டி ஒரே வண்டி, வயதும் ஒரே வயது. தான் போவது மவுண்ட் ரோடில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு. ஆதிகேசவன் போவது அதையும் தாண்டி ஹைகோர்ட்டுக்கு. ஆகவே நியாயப்படி ஆதிகேசவனுடைய டயர்தான் முதலில் தேய வேண்டும். ஆனால் ஸ்ரீரங்கனின் டயர் நான்கும் சவரம் செய்த தலை மாதிரிப் பளபளத்தன. ஆதிகேசவனுடையவை நேற்றுத்தான் காகிதம் பிரித்தவை போல் இருந்தன. ஒன்று, ரப்பருக்குப் பாரபட்சம் உண்டு. இல்லாவிட்டால், தன்னிடம் ஏதோ கோளாறு. இரண்டாவதுதான் உண்மையோ என்று அவனுக்கு அடிக்கடி தோன்றும். தோன்றும்போதெல்லாம் ஆதிகேசவன் மேல் ஆத்திரம் வரும்.

இந்த வாரம் அந்த ஆத்திரத்துக்கு ஒரு கெடுவும் வந்து சேர்ந்தது. செங்கற்பட்டிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தை அமாவாசை. திருவள்ளூர் போய்க் குளத்தில் ஸ்நானம் செய்து பெருமாளைச் சேவிக்க வேண்டும். அதுவும் மாப்பிள்ளை காரில் போய் இறங்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. எந்த மாப்பிள்ளை என்பதுதான் கேள்வி. காரில் பின்னால் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. ஒரு மாப்பிள்ளை காரில் போவான். மற்றவன் பெண்டாட்டியோடு ரயிலில் போவான்.

மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் மாமியாருக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் சொல்வாள். குளத்தங்கரை வரை கேட்கும்.

"ஜெயா, மாப்பிள்ளை மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம்னு சொல்லு. போன தடவை அவர் வண்டி நடுத்தெருவில உட்கார்ந்துண்டு, நான் இறங்கித் தள்ளினேன். அதை நான் பெரிசு பண்ணலைன்னு சொல்லு. சின்ன மாப்பிள்ளை வண்டியில போயிடறோம்னு சொல்லு."

"அம்மா, அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கார்."

"இருக்கட்டும். நீ சொல்லு."

மாமனார் ரிடையர்டு ஜில்லா முன்சீப். இரு தரப்பையும் கேட்காமல் அவர் எதையும் முடிவு செய்வதில்லை.

"மூத்த மாப்பிள்ளைக்குத்தான் முதல் உரிமை" என்றார். "ஆனா உரிமையை வெச்சுண்டு திருவள்ளூர் போக முடியாது, சக்கரம் வேணும். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியைப் பரிசீலிக்கறேன். அதுவரைக்கும் ஒத்திவைப்பு."

அன்று மாலை ஆதிகேசவன் ஹார்னை இரண்டு தடவை அழுத்திக்கொண்டு வந்து இறங்கினான். ஸ்ரீரங்கன் தற்செயலாக வருவது போல் எதிரே போனான்.

"டயர் நன்னா இருக்காப்பல இருக்கே, ஆதி?"

"ஏதோ இருக்கு, அண்ணா."

"தினம் ஹைகோர்ட் போயிட்டு வரயே, எப்படித் தேயாம இருக்கு?"

"போயிட்டுதான் வரேன்" என்றான் ஆதிகேசவன் அடக்கமாக. "எல்லாம் ஓட்டற விதம். நீங்க பிரேக்கைப் பகையாளி மாதிரி மிதிக்கறேள். சில பேருக்குக் கை அமைஞ்சுடறது, அண்ணா. அதுக்கு என்ன பண்றது?"

அந்த அடக்கத்தைத்தான் ஸ்ரீரங்கனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, ராயப்பேட்டையில் அக்பர் பாஷாவின் ஒர்க்ஷாப்புக்குப் போனான். இரு வண்டிகளுக்கும் பாஷாதான் வைத்தியர்.

"பாஷா, நீடிச்சு உழைக்கற டயரா வேணும். ஆதிகேசவன் வண்டியில இருக்கே, அதே தினுசு போடும்."

"இன்னா சாமி, உங்க வண்டில கீறதும் அதே தினுசுதான். ரெண்டு வண்டிக்கும் வாங்கும்போதே அதான் போட்டிருந்துச்சு."

"அதே டயரா?"

"அதே டயர்தான்."

அப்படியானால் கோளாறு தன்னிடம்தான். இந்த முடிவு ஸ்ரீரங்கனுக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ அதைவிட உசத்தியா ஒண்ணு போடும். ஆதிகேசவன் பார்த்தா வயிறு எரியணும்."

"வயிறு எரியற டயரு நம்மகிட்ட கீது சாமி" என்று சொல்லி, பாஷா உள்ளேயிருந்து நான்கு புது டயர்களை உருட்டி வந்தான்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததும் ஜெயலக்ஷ்மி கற்பூரம் சுற்றி, நான்கு சக்கரத்தின் கீழும் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்தாள். எதிர்வீட்டு மாடியில் ஆதிகேசவன் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டு ஸ்ரீரங்கன் வண்டியை முன்னே நகர்த்தினான். மூன்று எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. நான்காவது சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்தது. ஏதோ ஒரு ஜட்காக் குதிரை தன் லாட ஆணியைச் சரியாக அந்த இடத்தில் விட்டுப் போயிருந்தது.

"திருஷ்டி" என்றாள் ஜெயலக்ஷ்மி, எதிர்வீட்டைப் பார்த்து.

"மாப்பிள்ளையை மனசு விட்டுட வேண்டாம்னு சொல்லு" என்றது கதவு.

பாஷா ஆணிக்கு மருந்து சொன்னான். பழைய லாரி டயரைப் பட்டையாக அறுத்து, டயருக்கும் ட்யூபுக்கும் நடுவில் வைத்துவிட்டால் கடப்பாரையே வந்தாலும் இறங்காது. சொன்னபடியே வைத்தான். ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் பட்டையின் இரு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு மேடு விழுந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மேடு. நான்கும் வெவ்வேறு சமயத்தில் தரையைத் தொட்டன.

மாமனாரை உட்காரவைத்து அடையாறு வரை ஓட்டிக் காட்டினான் ஸ்ரீரங்கன். போகிற வழியெல்லாம் முன்சீப்பின் தலை வண்டியின் மேல்துணியில் போய் முட்டிவிட்டுத் திரும்பியது.

"எப்படி இருக்கு, மாமா?"

"டயர் நன்னா இருக்கு" என்றார் மாமனார், இரண்டு குதிப்புக்கு நடுவில். "மனுஷா உட்காராம இருந்தா ரொம்ப நாள் வரும்."

புதன்கிழமை ஸ்ரீரங்கன் மறுபடி ராயப்பேட்டைக்குப் போனான்.

"பட்டை கிட்டையெல்லாம் வேண்டாம், பாஷா. வெளியிலேயே தடிமனா, ஆணி நெருங்கப் பயப்படற மாதிரி இருக்கணும்."

"அப்பிடி இன்னா சாமி அவசரம்? பழைய ட்யூபுக்கு நாலு ஒட்டு போட்டுத் தரேன், மெதுவா திருவள்ளூர் போய் வந்துடுங்க."

"ஒட்டா! ஆதிகேசவன் எதிர்ல ஒட்டுப் போட்ட சக்கரத்துல போகச் சொல்றீரா?"

பாஷாவுக்குப் புரிந்தது. அவனுக்கும் ஒரு அண்ணன் இருந்தான். வேறு ஏதோ பெரிய வண்டிக்கென்று வந்து கிடந்த தடித்த டயர்களை, சம்மட்டியால் தட்டித் தட்டி ஸ்ரீரங்கன் வண்டிக்கு மாட்டிக் கொடுத்தான். வண்டி ஒரு முழம் உயர்ந்தாற்போல் இருந்தது. ஸ்ரீரங்கனும் உயர்ந்தாற்போல் உணர்ந்தான்.

முதல் திருப்பத்தில்தான் விஷயம் தெரிந்தது. வண்டி இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் திருப்பினால் டயர் மட்கார்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி எப்படியோ சித்திரக்குளம் வரை வந்துவிட்டான். வீட்டுத் தெருவுக்குள் நுழைய ஒரே ஒரு வலது திருப்பம் வேண்டியிருந்தது. அது கிடைக்கவில்லை. ஆகவே குளத்தை இடது பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி முயன்றான். மறுபடியும் கிடைக்கவில்லை. மூன்றாவது சுற்றில், கோயிலுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்த மாமியார் எதிரே அகப்பட்டாள். அதிர்ச்சியில் அவள் வழக்கத்தையே மறந்து நேராகப் பேசிவிட்டாள்.

"மாப்பிள்ளை! தை மாசத்துல, அமாவாசை வர சமயத்துல, பெருமாள் கோயில் குளத்தை அப்பிரதக்ஷிணமா சுத்தறேளே! என் பொண்ணோட மாங்கல்யம் என்ன ஆறது?"

"வேணும்னு சுத்தலை, அம்மா! திரும்ப மாட்டேங்கறது!"

"அப்போ நிறுத்துங்கோ!"

நிறுத்தினான். அங்கிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளினவர்களில் ஆதிகேசவனும் ஒருவன். "நல்ல கெட்டி டயர், அண்ணா" என்று வழி முழுவதும் பாராட்டிக்கொண்டே தள்ளினான். மாமியார் அன்று இரண்டாம் முறை ஸ்நானம் செய்துவிட்டு, எதிர்த் திசையில் குளத்தை ஒன்பது சுற்றுச் சுற்றி வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் பாஷா வீட்டுக்கே வந்து, இரண்டு முன் மட்கார்டுகளையும் அறுத்து எடுத்தான்.

"இப்போ ரைட்டுல திரும்புது, லெப்டுல திரும்புது. இன்னா வோணும் சாமி உங்களுக்கு?"

ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கியது. மாலையில் மாமனார் பரிசீலனைக்கு வாசலில் வந்து நின்றார். மாமியார் மடிப் புடவையோடு கதவின் ஓரத்தில் நின்றாள். ஆதிகேசவனும் சூடாமணியும் எதிர் வாசலில். ஸ்ரீரங்கன் தெருக்கோடியிலிருந்து வண்டியை வேகமாகக் கொண்டுவந்து, வாசலில் வளைத்து நிறுத்தினான்.

தெருவில் பால்காரனின் எருமை அப்போதுதான் நின்றுவிட்டுப் போயிருந்தது. மட்கார்டு இல்லாத சக்கரம் அங்கே இருந்ததையெல்லாம் வாரி எடுத்து, ஒரு பகுதியை முன்சீப்பின் மேலும், பெரும் பகுதியை மடிப் புடவையின் மேலும் சேர்த்தது. அந்தத் திருப்பத்தின் வேகத்திலும் டயரின் கனத்திலும், சக்கரத்துக் கம்பிகள் பட் பட்டென்று முறிந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது.



"ஜெயா" என்றது கதவு, மிகவும் மெதுவாக, "நான் ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லு."

"தீர்ப்பு: இளைய மாப்பிள்ளை வண்டி" என்றார் மாமனார், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு. "அப்பீல் கிடையாது."

பாஷா நான்கு சக்கரங்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு, வண்டியைச் செங்கல் மேல் நிறுத்திவிட்டுப் போனான். ஆதிகேசவன் தெருவைக் கடந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தான்.

"வருத்தப்படாதேங்கோ, அண்ணா. இனிமே உங்க டயர் தேயாது."

அதைச் சொல்லும்போதும் அவன் முகத்தில் அதே அடக்கம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போயாக வேண்டும். கார் வாங்கிய பிறகு ஸ்ரீரங்கன் டிராமில் ஏறியதே இல்லை. ஆதிகேசவன் ஹார்ன் அடிக்கும் நேரத்துக்கு முன்பாகவே கொல்லைப்புறச் சந்து வழியாக வெளியேறி, குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, லஸ் முனைக்கு நடந்தான். டிராம் புறப்படுவதற்காகக் காத்து நின்றது. முன்னால் ஜன்னலோரத்தில் காற்று வரும் இடமாக ஒன்று காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து, பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் தெரிந்தது. ஆதிகேசவன் வண்டியில் மாமனார், மாமியார், முன்னால் சூடாமணி. தானும் ஜெயலக்ஷ்மியும் ரயிலில், மூட்டைகளுக்கு நடுவில். ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி டயர். அவன் கையில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது? ஸ்ரீரங்கன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தான். கண்டக்டர்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. சித்த இப்டி நவுந்து குந்துங்க. அது வக்கீல் சாமி குந்துற எடம்."

"டிராம்ல என்னய்யா தனி இடம்? எந்த வக்கீல்?"

"நம்ம ஆதிகேசவன் சாமிதான். அதோ, அந்தச் சந்துல காரை வுட்டுட்டு ஓடியாறாரு பாருங்க. கார் வாங்கின நாளா தெனம் நம்ம டிராம்லதான் கோர்ட்டுக்குப் போய்க்கினு கீறாரு. ரோட்டுல ஓட்டினா டயர் தேஞ்சிப் பூடுமாம்!"