கலவாய் செய்த காரியம் பற்றிச் சண்முகநாதன் ஐயாவுக்கு

குருநகர்,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

பெருமதிப்புக்குரிய சண்முகநாதன் ஐயா அவர்களுக்கு,

குருநகர் வின்சன்ற் பணிவோடு எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நாங்கள் இங்கே உயிரோடும் வெட்கத்தோடும் இருக்கிறோம். தாங்களும் பாலேஸ்வரி அக்காவும் சாவகச்சேரியில் பிள்ளையார் துணையோடு சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நேரில் வந்து கதைக்க வேண்டிய விஷயத்தை எழுதுவதற்குப் பொறுக்க வேண்டும். நேரில் என்றால் என் வாய் முந்திவிடும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வந்து சேரும். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், எழுத்தில் பிழைவிட்டால் வெட்டி எழுதலாம் என்கிற வசதி இருக்கிறது.

விஷயம் அந்த மீன்தான் ஐயா. தங்கள் மகன் சுதாகரனுக்கும் என் மகள் லவீனாவுக்கும் கலியாணம் பேசலாமா என்று பார்க்கத் தாங்களும் அக்காவும் போன ஞாயிறு எங்கள் வீட்டுப் படி ஏறினீர்கள். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணித் தட்டத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன், தொட்டிக்குள் இருந்த கலவாய் பக்கத்தில் நின்ற கோமாளி மீனை வாலோடு விழுங்குகிறது. தாங்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகம் வெளிறிப்போய், "அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்று சொல்லி, தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. லவீனா கந்தோருக்கு வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சோற்றைப் பிசைந்து பிசைந்து பார்த்துக்கொண்டு இருக்கிறாள். என் மனுசி செபஸ்தியம்மா என்னோடு நேரே கதைப்பதில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "கொப்பருக்குத் தேத்தண்ணி ஆறுதெண்டு சொல்லு பிள்ளை" என்று லவீனாவுக்குச் சொல்கிறா.

தாங்கள் அதைச் சகுனமாக எடுத்துவிட்டீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. தங்கள் சைவமும் எங்கள் கத்தோலிக்க வேதமும், தோட்டமும் கடலும், சேராததைச் சேர்த்தால் ஒன்று மற்றதை விழுங்கும் என்று அந்தக் கலவாய் தங்களுக்குச் செய்தி சொன்னதாக நினைத்திருப்பீர்கள். ஐயா, அது அவ்வளவு படித்த மீன் இல்லை. நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் நான். எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

தாங்கள் வரப்போகிறீர்கள் என்று லவீனா சொன்ன நாள் தொடங்கி எனக்கு ஒரே யோசனை. தலைமுறை தலைமுறையாய் மீனைக் கொன்று சாப்பிட்ட குடும்பம் என்று எங்களை நினைப்பீர்களே, மீனைக் கொல்லாமல் வைத்திருக்கவும் எங்களுக்குத் தெரியும் என்று காட்ட வேண்டாமா? அதற்காகத்தான் அந்தக் கண்ணாடித் தொட்டி. யாழ்ப்பாணத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் ஜெயரூபன் குழாய், விளக்கு எல்லாம் பூட்டித் தந்தார். தண்ணீர் பதப்படும்வரைக்கும் மீன் விடவேண்டாம் என்றார், விடவில்லை. பிறகு செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளிச் சோடி ஒன்று தந்தார், கொண்டுவந்து விட்டேன். அந்த இரண்டோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. ஆனால் ஐயா, கடற்கரையில் பிறந்தவன் கடையில் மீன் வாங்குவதா? வேறென்ன சேர்க்கலாம் என்று அவரைக் கேட்கவே எனக்குக் கௌரவம் இடம் தரவில்லை. எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் மீன் பிடிக்கக் கடலில் கூடு இறக்கினால் இரவு முழுக்க ஓரா, பேத்தை, கிளாத்தி, கலவாய் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும். விடிய இழுத்தால் ஒன்றையொன்று கடிக்காமல் அமைதியாய் மேலே வரும். ஆகவே ஒரு கூட்டில் வந்த மீன்கள் ஒற்றுமையான மீன்கள், அவற்றைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டால் குடும்பமாய் வாழும் என்று முடிவுகட்டினேன்.

ஓரா பரவாயில்லை, பாசியைத் தின்றுகொண்டு தன்பாட்டில் திரிந்தது. ஆனால் கல்லை நிமிர்த்தக் கை விட்டபோது முள்ளால் குத்திவிட்டது, பின்னேரம்வரை கையைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். பேத்தை வந்த அன்றே ஓராவின் செட்டையை முருங்கைக்காய் மாதிரிச் சப்பியது, அதைத் திருப்பிக் கடலில் விட்டேன். கிளாத்தி மற்ற மீன்களை விட்டுவிட்டுக் காற்றுப் போகிற குழாயைக் கடித்து வெட்டியது, அதையும் விட்டேன். மிஞ்சியது கலவாய். உள்ளங்கை அளவுக் குஞ்சு, கல்லுக்குப் பின்னால் தவத்தில் இருப்பதுபோல் அசையாமல் கிடக்கும், யாரோடும் சோலி இல்லை. இருப்பவற்றில் இதுதான் நல்ல குணமான மீன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தொட்டித் தண்ணீரில் உப்புப் பார்க்க வந்த ஜெயரூபன் அதைக் கண்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்தார்.

"அண்ணை, உந்தக் கலவாயை எடுங்கோ. வாய்க்குள்ளை அடங்கிற எதையும் உது இரை எண்டுதான் பாக்கும்."

"தம்பி, நான் சின்னனிலை இருந்து கலவாய் பாக்கிறவன்."

"அது சட்டிக்குள்ளை பாத்திருப்பியள்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது, எடுக்கவில்லை. உண்மையில் அதுவும் ஒழுங்காய்த்தான் இருந்தது, ஏனென்றால் நான் தினமும் சந்தையிலிருந்து சூடை மீன் துண்டு கொண்டுவந்து வயிறு புடைக்கப் போட்டேன். பிறகு தாங்கள் வரும் கிழமை வந்தது. மச்ச மணம் இருக்கக்கூடாது என்று செபஸ்தியம்மா வீட்டையே கவிழ்த்துப்போட்டா. கருவாட்டுப் பெட்டி தம்பி வீட்டுக்குப் போனது, வலை போனது, சட்டியெல்லாம் புதிது. மீன் என்று ஒரு செதிலும் வாசலைத் தாண்டக்கூடாது என்று கட்டளை. அந்தக் கட்டளையில் கலவாயும் அடக்கம் என்பதை நானும் நினைக்கவில்லை, அவவும் நினைக்கவில்லை. தங்களுக்குச் சைவமாய் இருக்க வேண்டும் என்று அதையும் பட்டினி போட்டோம். அது சைவத்துக்கு மாற மறுத்தது, அவ்வளவுதான் நடந்தது.

இந்தக் கிழமை முழுக்க யோசித்தேன் ஐயா. கூட்டுக்குள் அவை அமைதியாய் இருந்தது ஒற்றுமை இல்லை, பயம். இது எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து தங்கள் சாவகச்சேரியில்தான் நாங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்தோம். ஒரு பானைச் சோறு, ஒரு சொல் பிசகவில்லை. குருநகருக்குத் திரும்பி, பயம் தெளிந்து, மதில் கட்டத் தொடங்கியதும் ஒரு சாண் நிலத்துக்காகக் கோட்டுக்குப் போய் வழக்காடினோம்.

அப்படியென்றால் ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து பழகிய எங்கள் பிள்ளைகளும் கூட்டுக்குள் அகப்பட்ட மீன்தானே என்று தாங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுப் பார்த்தேன். ஆனால் கூட்டுக்குள் போனால் திரும்பி வர வழியில்லை, கந்தோரைப் பின்னேரம் பூட்டிவிடுகிறார்கள். பூட்டின பிறகும் அவர்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்ராண்டில் நின்று கதைக்கிறார்கள். லவீனாவுக்குக் குருநகர் மினிபஸ் வருகிறது, போகிறது, அவள் ஏறுவதில்லை. சுதாகரனுக்குச் சாவகச்சேரியால் போகிற கொடிகாமம் பஸ் வருகிறது, அவர் காணாத மாதிரி நிற்கிறார். நான் மோட்டச்சைக்கிளில் போகும்போது கண்ணால் கண்டேன். திறந்துவிட்ட பிறகும் விலகிப் போகாதவர்களை நான் என்ன சொல்லிப் பிரிக்கிறது? தாங்களே சொல்லுங்கோ. அவள் பூசைக்குப் போவாள், அவர் கோயிலுக்குப் போவார், வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். யாரையும் விழுங்குகிற பிள்ளை இல்லை ஐயா அவள். என்னில் கோபம் என்றால் என்னை ஏசுங்கோ, ஒரு மீனின் பசிக்காக அவளை வேண்டாம் என்று சொல்லிப்போடாதையுங்கோ.

கலவாயைக் குழம்பு வைக்கச் செபஸ்தியம்மா புளி கரைத்தா. எனக்கு மனம் வரவில்லை, வாளியில் கொண்டுபோய்க் கரையில் விட்டேன். தப்பிய கோமாளியும் ஓராவும் சுகம்.

அக்காவுக்குச் செபஸ்தியம்மாவின் அன்பு, சுதாகரன் தம்பிக்கு என் ஆசீர். எந்த வாசலால் கூப்பிட்டாலும் கேட்கிற கடவுள் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பதிலுக்காக வாசலில் நிற்கும்,
ச. வின்சன்ற்

பி.கு.: உறையை ஒட்டப் போகிறேன், லவீனா ஓடிவந்து நின்று சிரிக்கிறாள், அழுகிறாள். சுதாகரன் இப்போதுதான் அவளோடு போனில் கதைத்தாராம். நான் குசினிக்குள் போன நேரம் தாங்கள் மேசையில் வைத்திருந்த பணியாரத்தில் ஒரு துண்டு கிள்ளி, பாவம் சின்ன மீன் தின்னட்டும் என்று தொட்டிக்குள் போட்டீர்களாம். அதைத் தின்னக் கோமாளி மேலே வர, கோமாளியைத் தின்னக் கலவாய் வந்ததாம். "போன வீட்டிலை மீனைக் கொன்றுபோட்டு இனி எந்த முகத்தோடை பெட்டை கேக்கிறது" என்று ஒரு கிழமையாய் வெங்காயத் தோட்டத்துக்குள் ஒளிந்து திரிந்துவிட்டு, இன்றைக்குத்தான் அக்காவுக்கு வாய் திறந்தீர்களாம். ஆக மேலே நான் எழுதிய சகுனம், சமாதானம் ஒன்றும் தேவையில்லை. கிழிக்கத்தான் பார்த்தேன், இவ்வளவு நீளமாய் நான் பிறந்ததுக்கு எழுதியதில்லை, அதனால் அனுப்புகிறேன். பட்டினி போட்டது நான், மேலே கூப்பிட்டது தாங்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்த முதல் காரியம் இது. சனிக்கிழமை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், என் பாவத்தோடு தங்கள் பாதியையும் சேர்த்துச் சொல்லிவிடட்டுமா?