டீப் வாட்டர் மனு

இங்கிலீஷ் மரபுத்தொடர் ஆசாமி என்று ஓர் இனம் பாளையங்கோட்டைச் சர்க்கார் கச்சேரியைச் சுற்றி வளர்ந்து வருகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருமல் வந்தால் இருமிவிட்டுப் போகாமல், அதற்குப் பொருத்தமான ஓர் இங்கிலீஷ் தொடரை உதிர்த்து, இலக்கணம் சரிதானா என்று தனக்குள் சோதித்து, எதிரே நிற்பவர் முகத்தில் மலைப்பு தெரிகிறதா என்று பார்த்த பிறகே மூச்சு விடுவார். மழையா? நாயும் பூனையுமாகப் பெய்யும். சாவா? வாளியை உதைத்துவிட்டார் என்பார். துக்க வீட்டிலேயே.

இவர்களில் தலையாயவர் மனு எழுதும் அம்பலவாண பிள்ளை. டில்லி தர்பார் நடந்த வருஷத்து ஆடியில், பத்தமடைப் பக்கம் கால்வாயின் கடைசியில் நெல் போட்டிருந்த மாரித்தாய் அவரிடம் வந்தாள்.

“ஐயா, மதகைப் பாதிதான் திறந்திருக்காவ. எங்க பயிரு கருகுது. இன்னும் பத்து நா போச்சுன்னா வைக்கோலுகூட மிஞ்சாது. துரைக்கு ரெண்டு வரி எழுதுங்க.”

“ரெண்டு வரியா? நான் எழுதுத இங்கிலீஷுல துரையே சொக்கிப் போவாரு, பாத்துக்கோ!”

மூன்று பக்கம் எழுதினார். பயிர் கருகுகிறது என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. அது யாருக்கும் வருமே! ‘எங்கள் வயல்கள் டீப் வாட்டரில் இருக்கின்றன, தண்ணீருக்கு மேல் தலையை நீட்டவே திண்டாடுகிறோம்’ என்று எழுதினார். பெருங்கஷ்டத்தில் இருக்கிறோம் என்பது பொருள். தொடர் சரி, வாக்கியம் சரி, ஒரு கமாகூடத் தப்பில்லை.

கால்வாய்களுக்கு அதிகாரியான வெள்ளைக்காரத் துரை படித்தார். பாவம், வெள்ளம் என்று இரங்கினார். பாதி திறந்திருந்த மதகையும் இறுக மூடச் சொல்லி அன்றே உத்தரவு போட்டார்.

மாரித்தாய் ஓடி வந்தாள். “என்னய்யா எழுதுனிய? வந்த தண்ணியும் நின்னு போச்சே!”

“எழுத்துல ஒரு குத்தம் காட்டு, பாப்போம்! துரைக்கு இங்கிலீஷ் பத்தாது. அதுக்கு நான் என்ன செய்ய?”

அவள் நேரே வயலுக்குப் போனாள். காய்ந்த பயிரை வெடித்த மண்கட்டியோடு பெயர்த்துச் சுமந்து, சேரன்மகாதேவியில் துரை முகாமிட்டிருந்த பங்களாவுக்கு நடந்தாள். தடுத்த சேவகனைத் தள்ளிக்கொண்டு போய் மேஜைமேல் அதை வைத்தாள்.

“தண்ணி,” என்றாள்.

துரைக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. கட்டியைத் தொட்டார், விரலில் புழுதி ஒட்டியது. அவர் முகம் சிவந்தது. மறுநாள் மதகு முழுக்கத் திறந்தது. பாதிப் பயிர் பிழைத்தது. வரப்பில் உட்கார்ந்து, கால் நனைய நனைய மாரித்தாய் அழுதாள்.

பிள்ளையோ, துரையின் இங்கிலீஷைக் குறித்துக் கலெக்டருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த டீப் வாட்டரை நாளைக்கு மைத்துனருக்கு எழுதும் கடிதத்தில் எங்கே செருகலாம் என்று உங்கள் மனசு ஒரு கணம் இடம் தேடிற்றா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லலாம்.